நான் பிடிச்சுக்கறேன்

இரவு பதினோரு மணி இருக்கும். இரண்டு பக்கமும் மரங்கள் மட்டும் நிற்கிற நீளமான சாலை... முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. அதில் ஒரு பழைய கார். பச்சை நிறம், துணிக் கூரை, இரண்டே இருக்கைகள். ஒரு காலத்தில் பந்தய வண்டி மாதிரி பறந்தது. இப்போது மேட்டைக் கண்டால் பெருமூச்சு விடும்.

ஓட்டி வந்தவர் நம் ஆடிட்டர் நண்பனின் மாமனார். கண்ணாடிக் கடைக்காரர், பார்வை பார்த்து மூக்குக்கண்ணாடி செய்து கொடுப்பவர். காதில் விழுந்த கதை இல்லை இது, அவருடைய மகளான ஆடிட்டரின் மனைவியே சொன்னது. கதை கேட்டு மூலையில் சிரிக்கிறவர் கொஞ்சம் கிட்டே வந்து உட்காரலாம். கதவுக்கு முதுகைக் காட்டாமல்.

அவர் மகள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மகள் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, வண்டிகிட்ட வந்தாலே பெட்ரோல் நாத்தம் குடலைப் பொரட்டுது. ஒரு பொறி பட்டா என்ன ஆகும்? அம்மாவும் போயாச்சு, உங்களையும் விட்டுட்டு நான் என்ன பண்றது? ஒழுகுற இடத்தைக் கண்டுபிடிங்க, இல்லன்னா வித்துடுங்க. அடுத்த மாசம் நான் வரும்போது ரெண்டுல ஒண்ணு முடிஞ்சிருக்கணும்."

விற்பதாவது! வீட்டில் மனைவியின் புடவைகள் இருந்தன, படம் இருந்தது. ஆனால் அவள் இருந்தது அந்தக் காரில்தான். கல்யாணமான நாளிலிருந்து இருவருமாகக் கழற்றி மாட்டிய வண்டி. அவருக்குக் கண், அவளுக்கு மூக்கு. எங்கே கசிந்தாலும் முதலில் முகர்ந்து சொல்வது அவள்தான். பெட்ரோல் வாடை அவளுக்குத் தலைவலி கொடுக்கும். அதனால் முன்கூட்டியே நெற்றியில் தைலத்தை அப்பிக்கொண்டு ஷெட்டுக்கு வருவாள். அவர் கை நுழையாத சந்திலெல்லாம் அவளுடைய சின்னக் கை நுழையும். "நான் பிடிச்சுக்கறேன், நீங்க முறுக்குங்க" என்பாள். அப்படித்தான் அவர்கள் குடும்பமே நடத்தினார்கள்.

கல்யாணமான புதிதில் இவர் கார்க் கதவை அறைந்து சாத்தியதில் அவளுடைய சுண்டுவிரல் நசுங்கிப்போயிற்று. கோணலாகச் சேர்ந்து, மற்ற விரல்களோடு ஒட்டாமல் தள்ளியே நின்றது. காரை விற்கிற பேச்சு வந்தாலே அந்த விரலை நீட்டுவாள்.

"இந்த வண்டிக்கு ஒரு வெரலையே குடுத்திருக்கேன். விக்கிறதுன்னா என்னையும் சேத்து வித்துடுங்க."

சரி... சாலைக்கு வருவோம். வாடை திடீரென்று தூக்கியது. ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். சாவியை மட்டும் திருப்பி வைத்தார். அந்த மாதிரிக் கார்களில் பெட்ரோல் பம்ப் பின்பக்கம் உட்கார்ந்து டிக் டிக்கென்று அடிக்கும். குழாய் நிறைந்ததும் தானாக அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் எங்கோ ஒழுகுகிறது.

டிக்... டிக்... டிக்...

அடங்கவில்லை. டார்ச்சோடு இறங்கிக் குனிந்தார். வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

டிக்... டி...

நின்றது. சொட்டும் நின்றது. பெட்ரோல் வாடை மெல்ல விலகி, அந்த இருட்டில்... தைல வாசம்.

வீடு வந்து சேரும்வரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

மறுநாள் கடையை மூடிவிட்டு ஷெட்டைத் திறந்தார். அந்த இரும்பு ஷட்டரை ஏற்றினால் தெருவே திரும்பிப் பார்க்கும், அப்படி ஒரு அலறல். மனைவியின் பவுடர் டப்பாவை எடுத்து வந்திருந்தார். லென்ஸ் தூசியை ஊதுகிற ரப்பர் குமிழில் பவுடரை நிரப்பி, குழாய் ஓடுகிற இடமெல்லாம் ஊதினார். எங்கே கசிகிறதோ அங்கே வெள்ளை நனைந்து கறுக்கும். சாவியைத் திருப்பினார்.

டிக்... டிக்... டிக்... பிறகு அமைதி.

டாங்கின் பின்னால், அவர் கை போகவே போகாத சந்துக்குள், காம்பு வைத்த சின்னக் கண்ணாடியை நீட்டி டார்ச் அடித்தார். ரப்பர் ஹோஸ் முழுக்க வெள்ளை. நடுவில் மட்டும் சுற்றிப் பிடித்த விரல் தடம். கீழே கட்டை விரல். மேலே மூன்று விரல்கள். சுண்டுவிரல் மட்டும்... தள்ளி.

அவர் அலறவில்லை. அப்படியே சிமெண்ட் தரையில் உட்கார்ந்துவிட்டார். நேற்று ராத்திரியிலிருந்து பிடித்துக்கொண்டே இருக்கிறாளா? இவர் எரிந்துபோகக் கூடாதென்று?

"கை வலிக்கலையாடி உனக்கு?" என்றார். "விட்டுடும்மா. நான் பாத்துக்கறேன்."

பெட்ரோலை வடித்து, டாங்கை இறக்கி, தனியாளாகப் புது ஹோஸ் போட்டார். ஹோஸைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பின் திருகைக் கீழ்ப்பக்கம் பார்க்க வைத்து இறுக்கினார். இனி யாரும் கையை நுழைக்க வேண்டியதில்லை, கீழிருந்தே ஸ்க்ரூடிரைவர் எட்டும். சாவியைத் திருப்பியதும் பம்ப் கொஞ்சம் அடித்து அடங்கியது. "பாத்தியா?" என்று பெருமையாகத் திரும்பினார். பக்கத்தில் யாரும் இல்லை.

பவுடர் ஊதிப் பார்த்தார். தடம் இல்லை. மறுநாளும் இல்லை. தைல வாசமும் இல்லை. கார் பிழைத்துவிட்டது, மகள் வந்தால் வாயைத் திறக்க முடியாது. ஆனால் அவளுக்கு இங்கே வர இருந்த ஒரே வேலையையும் தன் கையாலேயே முடித்துவைத்துவிட்டோமே என்று அவருக்குத் தாங்கவில்லை. சோறு இறங்கவில்லை.

மகள் வருவதற்கு முந்தின இரவு. ஷட்டரை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினார். காருக்கு அடியில் படுத்துக் கிளாம்பைத் தளர்த்தினார். ஹோஸின்மேல் பவுடரைக் கனமாக ஊதினார். சாவியைத் திருப்பிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

டிக்... டிக்... டிக்...

பெட்ரோல் வாடை ஏறியது. வெறும் பெட்ரோல்தான். தலை சுற்றியது, கண் எரிந்தது.

"ஒரே ஒரு தடவ பிடிடி..."

டிக்... டிக்...

விடிந்ததும் மகள் வந்தாள். ஷட்டர் முழுக்க மேலே ஏறியிருந்தது. தெருவில் ஒருவர் காதிலும் சத்தம் விழவில்லை. சாவி பக்கத்து இருக்கையில் கிடந்தது. அப்பா ஸ்டீயரிங்கில் சாய்ந்து, மெல்ல மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் தெளித்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, உலுக்கி எழுப்பினாள்.

கண் விழித்தவர் நேராகக் காருக்கு அடியில் நுழைந்தார். கிளாம்ப் இறுகியிருந்தது. அவர் ஸ்க்ரூடிரைவரால் அசைக்கக்கூட முடியவில்லை. ஹோஸில் தடம் இல்லை. பவுடரே இல்லை, வழித்து எடுத்த மாதிரி.

"பவுடர்... இங்க இருந்த பவுடர் எங்கம்மா?"

"பவுடரா? உங்க கன்னத்துல இருந்துச்சேப்பா. யாரோ ஓங்கி அறைஞ்ச மாதிரி அஞ்சு வெரலும் பதிஞ்சு... சுண்டுவெரல் மட்டும்..."

மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான்... தொடச்சிட்டேன்ப்பா."

அவர் காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"எந்தக் கன்னம்?"

மகள் காட்டினாள். அவர் அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். "தூங்கிட்டேனே... அவ வந்தப்போ தூங்கிட்டேனே..." என்று குழந்தை மாதிரி அழுதார்.

மகளும் அழுதாள். கையிலிருந்த அதே கைக்குட்டையால் தன் கண்களைத் துடைத்தாள்.

கண் எரிந்தது. தைலம்.