அக்காவின் காது

அந்த மைக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள், ஐயா. இப்போது இருக்கிற இடத்தில் அது என்னைவிட மின்விசிறியைத்தான் நன்றாகக் கேட்கும். பிறகு போட்டுப் பார்த்துவிட்டு, ஆள் முழு நேரமும் விர்ரென்று மட்டும் சொன்னான் என்று எழுத வேண்டிவரும். தவறாக நினைக்காதீர்கள், தொழில் புத்தி. சாவு வீட்டுக்குப் போனாலும் ஸ்பீக்கரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடும்.

என் பெயர் உங்களிடம் இருக்கிறது. அதைச் சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை. குழுவில் எல்லாருக்கும் நான் 'காது'. பாதிக் காரணம் தொழில். மீதிப் பாதி இந்தக் காதுகளின் அளவு, நீங்களே பார்க்கிறீர்கள். திறந்தவெளி மேடையில் காற்றடித்தால் என்னைக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும் என்பார் எங்கள் டிரம்ஸ்காரர். அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவார். அக்கா என்றால் நீங்கள் நினைக்கிற அதே பாடகிதான். கூடப் பிறந்தவர் இல்லை. கூடப் பிறந்தவர்களும் எனக்கு உண்டு, ஆனால் அவர்கள் வீட்டில் நல்லது கெட்டது நடந்த நாட்களில் எல்லாம் அக்காவுக்கு எங்கேயாவது கச்சேரி இருந்தது.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேடையின் ஓரத்தில், கூட்டத்துக்குத் தெரியாத மறைவில் என் மேஜை இருக்கும். அக்காவின் மைக்கில் விழுகிற குரல் முதலில் என்னிடம் வரும். அங்கிருந்து ஒரு வழி மைதானத்து ஸ்பீக்கர்களுக்கு, இன்னொரு வழி அக்காவின் காதுக்கு. மேடையில் அவர் போட்டுக்கொள்கிற இயர்போன் காதுக்கு அச்செடுத்துச் செய்தது. போட்டால் வெளிச் சத்தம் ஒன்றும் உள்ளே போகாது. நான் அனுப்புவது மட்டும்தான் கேட்கும். வாழ்நாள் முழுக்க டிரம்ஸுக்கு முன்னால் நின்று பாடியதில் அவருக்குக் காது பெரிதும் மந்தமாகிவிட்டது. மேடையை விட்டு இறங்கினால் இரண்டு காதுக்கும் கருவி. அதையும் என் போனிலிருந்து நான்தான் சரி செய்து தருவேன். ஆக, மேடையானாலும் வீடானாலும், அக்காவின் காதுக்குள் எது போவதென்றாலும் என் விரலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவர் இன்னொருவரை இந்த அளவுக்கு நம்புவதை நீங்கள் கல்யாணங்களில்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். என் கல்யாணத்தில் நான் பார்த்ததில்லை. அதனால்தான் அது நிலைக்கவும் இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கச்சேரி தொடங்கும் முன், விளக்கு அணைந்து கூட்டம் கூச்சல் போடும்போது, அக்கா திரைக்குப் பின்னால் நின்று மைக்கில் ஒரு வரி பாடுவார். அது எனக்கு மட்டும் வரும். பாடிவிட்டுக் கேட்பார்.

"காது, நான் இருக்கேனா?"

என் மேஜையில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்திப் பேசினால் அவர் காதுக்கு மட்டும் கேட்கும். அழுத்திச் சொல்வேன்: "இருக்கீங்க, அக்கா."

மற்றவர்கள் இதை ஏதோ ராசி என்று நினைத்தார்கள். ராசி இல்லை, ஒப்பந்தம். இந்தக் கடைசி உலகச் சுற்றுப்பயணத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் காரில் வைத்து அவரே சொன்னார்.

"எனக்கு என் குரல் நேராக் கேக்குறதில்லை. நீதான் கேக்குற. என்னைக்குப் போயிடுச்சோ அன்னைக்கு இல்லேன்னு சொல்லிடு. மேடைக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடறேன். கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தணும்."

மிச்சம் எதற்கு என்று கேட்டேன். பாப்பாவுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்றார். பாப்பா என்பது அவர் மகள். உங்களிடம் புகார் கொடுத்தவர்.

"பாப்பாவை நான் ஒரு நாள்கூடப் பாடித் தூங்க வைக்கலை. நான் எங்கேயோ இருப்பேன், என் கேசட் பாடும், அவ தூங்குவா. இந்தக் குழந்தைகிட்டயாவது நேர்ல பேசணும். பாட்டுக்கூட வேணாம், திட்டுறதுக்காவது ஒரு குரல் வேணும்ல?"

சிரித்தார். நானும் சிரித்தேன். எதைக் காப்பாற்றித் தரச் சொல்கிறார் என்பது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. புரியவில்லை என்று பிறகு சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை.

பயணத்தின் தொடக்கத்தில் குரல் நன்றாகவே இருந்தது. மேல் சுரங்களில் லேசாக ஒரு சொரசொரப்பு. கொஞ்சம் எதிரொலி சேர்த்தேன். அது முகத்துக்குப் பவுடர் போடுவது மாதிரி, எல்லாப் பாடகருக்கும் செய்வதுதான். பிறகு ஓர் ஊரில், எல்லாரும் எழுந்து நின்று காத்திருக்கிற அந்த உச்ச வரியில், குரல் பாதியில் விட்டுப்போனது. நான் தயாராக இருந்தேன். அக்காவின் பழைய கச்சேரிகள் எல்லாவற்றையும் பதிவுசெய்து வைத்திருக்கிறேன். குழுவில் எல்லாரும் காதில் ஒரே தாளத் துடிப்பைக் கேட்டு வாசிப்பவர்கள், அக்காவும் எத்தனை வருடம் ஆனாலும் ஒரு சொல்லை அதே இடத்தில்தான் எடுப்பார், அதே இடத்தில்தான் விடுவார். பழைய குரலை எடுத்துப் புதிய வாயில் வைத்தால் கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்பீக்கருக்கும் அனுப்பினேன், அக்காவின் காதுக்கும் அனுப்பினேன். அவருக்கு அனுப்பியிருக்க வேண்டியதில்லை. ஆனால் ஊரே கேட்டு மகிழ்கிற நல்ல குரலை அவர் மட்டும் கேட்காமல் இருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இறங்கி வந்ததும் என் தோளில் தட்டினார். "இன்னைக்கு நல்லா எழும்பிச்சு, இல்ல?" என்றார். முகம் அப்படி இருந்தது, ஐயா. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பதில் சொல்லக்கூடியவர்கள் இருக்கலாம். அவர்கள் ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வருவதில்லை.

ஒரு வரி ஒரு பாட்டானது. ஒரு பாட்டு ஒரு மாலையானது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சோறு மைதானம் அளவு இருந்தால் முடியும்.

நான் எண்ணிப் பார்க்காத ஒன்று நடந்தது. காதில் அந்தப் பழைய குரல் ஏற ஏற, அக்காவுக்குத் துணிவும் ஏறியது. குரல் திரும்பிவிட்டது என்று நம்பினார். கடினம் என்று விட்டிருந்த பாட்டுகளைத் திரும்பச் சேர்க்கச் சொன்னார். தொண்டை கெஞ்சியது. அவர் காதில் கேட்டது கெஞ்சுகிற தொண்டை இல்லையே. அதனால் இன்னும் அழுத்திப் பாடினார். என் ஹெட்போனில் மட்டும் மைக்கில் விழுகிற அசல் வந்துகொண்டிருந்தது. துணி கிழிகிற சத்தம். அதை உலகத்திலேயே நான் ஒருவன்தான் கேட்டேன். சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள். பல நாட்கள் மேஜைக்குக் கீழே குனிந்து, ஒயரைத் தேடுகிற மாதிரி, முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

இருமலில் ரத்தம் தெரிந்ததும் அப்போது இருந்த ஊரிலேயே ஒரு தொண்டை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கேமராக் குழாயை உள்ளே விடுவதற்காகக் காதுக் கருவிகளைக் கழற்றி என்னிடம் தந்தார் அக்கா. பார்த்து முடித்த மருத்துவர் முகமூடியைக் கழற்றாமலே பேசினார். அக்காவுக்கு உதட்டைப் படிக்கவும் வழியில்லை. மருத்துவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: குரல் நாண் கிழிய ஆரம்பித்திருக்கிறது, இன்றோடு நிறுத்தினால் பேச்சு தப்பும், இன்னும் பாடினால் பாட்டோடு பேச்சும் போய்விடும், அதன் பிறகு வைத்தியம் இல்லை.

அக்கா மருத்துவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

கருவிகள் என் கையில்தான் இருந்தன. எழுந்து அவர் காதில் மாட்டி, மருத்துவரை இன்னொரு முறை சொல்லச் சொல்லியிருக்கலாம். அது அரை நிமிட வேலை. நான் உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னேன்: "லேசா வீக்கம், அக்கா. பகல்ல பேசாம இருந்தாப் போதும். சாயந்திரம் பாடலாம்னு சொல்றாங்க."

அக்கா மருத்துவரைப் பார்த்துக் கைகூப்பினார். மருத்துவருக்கு எங்கள் மொழி தெரியாது. அவரும் திருப்பிக் கைகூப்பினார்.

அதன்பின் அக்கா பகலில் பேசவே இல்லை. சொன்ன சொல்லை அப்படிக் கடைப்பிடிப்பார். அதனால் தன் குரல் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த கடைசி வழியும் அடைந்தது. பாப்பா போன் செய்தால் நான் பேசினேன். அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று அடிக்கடி கேட்டார். சாதாரண வீக்கம்தான் என்றேன். "நீங்க பக்கத்துல இருக்கீங்கள்ல, காது மாமா, எனக்குக் கவலை இல்லை" என்றார். வாசலில் கட்டின நாயைப் பற்றி வீட்டுக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். குழுவில் அத்தனை பேர் வாழ்க்கை அதில் இருந்தது. டிக்கெட் வாங்கிய ஊர்கள் இன்னும் மிச்சம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேல், மேடை இல்லாவிட்டால் அக்கா ஒரு வருடம் தாங்க மாட்டார் என்று எனக்கு உறுதியாகத் தெரியும். அவரிடம் கேட்டாயா என்பீர்கள். கேட்கவில்லை. சிலரைப் பற்றி அவர்களைவிட நமக்கு அதிகம் தெரியும். நானும் வீட்டில் போய் என்ன செய்வது? பேச்சுத் துணைக்கு அங்கே குளிர்சாதனப் பெட்டி ஒன்றுதான், அதுவும் சுருதி சேராமல் முனகும். அதெல்லாம் ஒரு காரணமா, விடுங்கள்.

ஒவ்வொரு மாலையும் திரைக்குப் பின்னால் நின்று கேட்டார், நான் இருக்கேனா என்று. ஒவ்வொரு மாலையும் பட்டனை அழுத்தினேன்.

கடைசிக் கச்சேரியில் கடைசிப் பாட்டின் இரண்டாம் சரணம். அக்கா வாயைத் திறந்தார். என் ஹெட்போனில் காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றார். காற்று. தனக்குள் ஏதோ அறுந்ததை உணர்ந்திருக்க வேண்டும், தொண்டையில் கை வைத்தார். வாயை மூடினார். மைக்கை மெதுவாக இடுப்புக்குக் கீழே இறக்கினார்.

மைதானத்தில் அவர் பாடிக்கொண்டிருந்தார்.

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு ஏதோ ஏற்பாடு செய்த வேடிக்கை என்று எண்ணிக் கைதட்டியது. அக்கா அசையாமல் நின்று தன் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதில் பாடிய குரல். இத்தனை நாளாகத் தன் இன்றைய குரல் என்று நம்பிக்கொண்டிருந்த குரல். பிறகு திரும்பி, விளக்குகளைத் தாண்டி, மறைவில் இருந்த என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. எனக்கு ஒலியே தேவைப்படவில்லை, அந்தக் கேள்வி மனப்பாடம்.

பட்டனை அழுத்தி, "இருக்கீங்க, அக்கா" என்றேன்.

அப்போதாவது பதிவை நிறுத்தியிருக்கலாமே என்று டிரம்ஸ்காரர் பிறகு கேட்டார். அதற்குமேல் அவர் என்னோடு பேசவில்லை. ஒரு சரணம் பாக்கி இருந்தது, ஐயா. பாட்டைப் பாதியில் வெட்டினால் கேட்கிறவர்களுக்கு நன்றாக இருக்காது.

குழந்தை பிறந்து சில வாரம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். பாப்பா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜன்னல் பக்கத்தில் அக்கா குழந்தையை மடியில் வைத்திருந்தார். பெண் குழந்தை. அழுதுகொண்டிருந்தது. அக்கா அதன் முகத்துக்கு அருகில் குனிந்து வாயைத் திறந்தார். ஊதுகிற மாதிரி கொஞ்சம் காற்று வந்தது. குழந்தை நிறுத்தவில்லை. முதுகைத் தட்டினார், ஆட்டினார், மறுபடி வாயைத் திறந்தார். நான் என் போனில் அக்காவின் நல்ல பதிவுகளில் இருந்து மென்மையானதாக ஒன்றை எடுத்து வைத்திருந்தேன், குழந்தைக்குப் போடலாம் என்று. போட்டேன். குழந்தை உடனே அழுகையை நிறுத்தியது. அக்காதான் அழ ஆரம்பித்தார். மகிழ்ச்சியாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

பாப்பா உள்ளிருந்து வந்து என் கையிலிருந்த போனை வாங்கி அணைத்தார்.

"அவங்க இனி என்கிட்ட ஒரு வார்த்தை பேச முடியாது, மாமா. உங்களுக்கு அது தெரியுமா, தெரியாதா?"

தெரியும் என்றேன். முதலிலிருந்தே தெரியும், மருத்துவர் அறையிலேயே தெரியும் என்றேன். பாப்பாவிடம் அதை முதலில் சொன்னவன் நான்தான். நீங்கள் பிறகு மருத்துவரைக் கேட்டு உறுதி செய்துகொண்டீர்கள், அவ்வளவுதான். குரலை எடுத்தவன் நான். தெரிந்து, நிதானமாக, ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். இதை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அக்காவுக்கும் விளக்கிச் சொல்லத் தொடங்கினேன். அருகில் மண்டியிட்டு, உதட்டை நன்றாக அசைத்து, எல்லாமே உங்களுக்காகத்தான் அக்கா என்று. அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு காதிலிருந்தும் கருவிகளைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பேட்டரி தீர்ந்திருக்கும். அதைத்தான் சொல்கிறார் என்று புரிந்துகொண்டேன். அன்றைக்கே புதிது மாற்றி, துடைத்து, ஒலி அளவும் பார்த்து வைத்தேன். இதோ, சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். என்னை உள்ளே அனுப்பும் முன் யாரிடமாவது கொடுத்து அவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள், ஐயா. நான் இல்லாவிட்டால் அக்காவுக்கு எதுவுமே சரியாகக் கேட்காது.