அரிசி டின்னுக்குள் கண்ணாடி

"ஹலோ... ஹலோ, சம்பந்தியா? கண்ணுச்சாமி பேசுதேன், ராஜபாளையத்துலருந்து... ஆமா, ஆமா, எல்லாரும் சௌக்கியம். மாப்பிள்ளை எங்க?... மதுரைக்கா? சரி, சரி."

மில்லில் இரவு ஷிப்ட் முடிந்த கையோடு மகளைக் கூட்டி வந்திருந்த கண்ணுச்சாமி, கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒதுங்கி நின்று குரலைத் தணித்தார்.

"மதுரை ரொம்பப் பக்கத்துல வந்துட்டு சம்பந்தி! இங்க கண்ணாஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருக்காரு... அட, நான் ஏன் பொய் சொல்லப் போறேன்? சொட்டு மருந்து ஊத்திக் கண்ணை மூடிக்கிட்டு இருக்காரு. சட்டைப்பையில சோடாப்புட்டி கண்ணாடி எட்டிப் பாக்குது... ஏன் இருமுதீய? தண்ணி குடிங்க... மறைச்சு வைத்தியம் பாக்க எங்க ஊருதான் கெடச்சுதா? பொண்ணு பாக்க வந்தன்னைக்கு அந்தக் கண்ணாடி எங்க போச்சு?... ஓ, உங்க வீட்டம்மா பையிலயா!... இல்ல, இல்ல, கோவமில்ல. நான் எப்படிக் கோவிக்க? எம்மக வெங்கடேஸ்வரி கண்ணாடி அன்னைக்கு அரிசி டின்னுக்குள்ள கெடந்துச்சு... மாப்பிள்ளைக்குப் பவரு மைனஸ் ஒம்பதா? அவளுக்கும் அதே ஒம்பதுதான். பின்ன எதுக்குக் காப்பித் தட்ட செவத்துக்கு நீட்டுனா?... வெக்கமா! நல்லா நெனச்சீய போங்க. ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்காமலே பிடிச்சிருக்குன்னு சொல்லிருக்குதுக."

சிரிப்பு அடங்கியதும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சம்பந்தி, செத்த நேரம் வெளையாட்டில்லாம கேளுங்க. இது பரம்பரையா வாரதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. எங்கிட்டருந்துதான் எம்மகளுக்கு. ரெண்டு பக்கமும் இம்புட்டுப் பவருன்னா பொறக்குற பிள்ளைக்கும் வர வாய்ப்பு கூடுதலாம்... இல்ல, கட்டாயம் வரும்னு சொல்லல. பவரு ரொம்பக் கூடுனாத்தான் கண்ணுக்குள்ள ஜவ்வு மெலிஞ்சு கிழியவும் செய்யுமாம்... கல்யாணமா? அதத்தான் கேக்கேன். வேண்டாம்னா இப்பமே சொல்லிருங்க, மனசுல வச்சுக்கிட மாட்டேன்... எனக்கா? எனக்குப் பள்ளிக்கூடத்துல பலகையில எழுதுனது ஒண்ணும் தெரியாது. தெரியலங்கதே தெரியாது. மக்குன்னு அடிச்சாக, மில்லுக்கு ஓடிட்டேன். நாப்பது வயசுல கண்ணாடி மாட்டுன பொறவுதான் எழுத்துப் படிச்சேன். பேரப்பிள்ளைக்கு அந்தக் கதி வேண்டாம், அம்புட்டுதான். பால்வாடிக்குப் போகையிலயே கண்ணைப் பாத்துரணும், வெளியில நல்லா வெளையாட விடணும்னாக... வீட்டம்மாட்ட கேக்கணுமா? கேளுங்க, இருக்கேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.

"...ம்... ம்... அடேயப்பா, நல்ல வாயி உங்க வீட்டம்மாவுக்கு! ஆமா, டின்னுக்குள்ள ஒளிக்கிற சம்பந்தி வேற எங்க கெடைக்கும்!... கல்யாணத்துக்குச் சம்மதந்தான? சரி, சரி, சந்தோசம்... எம்மகளா? அதே பெஞ்சுலதான். அவளுக்கும் மருந்து ஊத்தியாச்சு. யாரு எவருன்னு தெரியாம 'எரியுதா?', 'லேசா'ன்னு பேசிக்கிடுதுக... பொறுங்க, நர்சம்மா மாப்பிள்ளை பேரைத்தான் கூப்பிடுதாக, ஸ்ரீவில்லிபுத்தூர் ஹரிகிருஷ்ணன்னு... எந்திரிச்சிட்டாரு... ஐயோ, எம்மக சட்டுன்னு திரும்புதா. கண்ணாடியத் தேடுதா சம்பந்தி... அவரும் பையத் துழாவுதாரு... மாட்டிட்டுதுக... பாக்குதுக... நர்சம்மா திரும்பத் திரும்பக் கூப்பிடுதாக, ஒண்ணும் அசையக் காணோம்... வச்சிருதேன் சம்பந்தி, நாமளும் பாத்துக்கிட்டே நின்னா நல்லா இருக்காது."