நடுக்கடலுக்குக் கொசுவத்தி

விழுப்புரத்தில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள், இருவருக்கும் அறுபது வயதிருக்கும். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல் சுற்றுலா போகிறார்கள் என்பது அவர்கள் பேச்சிலிருந்தே தெரிந்தது. மகள் செய்த ஏற்பாடு. சம்பந்தி வீட்டாரும் வருகிறார்களாம்.

கணவர் மடியிலிருந்த பையைத் திறந்து பிளாஸ்டிக் மக்கை வெளியே எடுத்தார்.

“இன்னாடி இது? சம்பந்தி பாத்தா மானம் பூடும். அங்க பாத்ரூம்ல எல்லாம் பேப்பருதான் வெச்சிருப்பாங்களாம்.”

“அதுக்குதாங்க எடுத்துக்கினேன். நீங்க பேப்பர்லயே தொடச்சிக்கினு வாங்க. மூணு நாளைக்கு என் பக்கத்துல குந்தாதீங்க.”

அவர் மக்கைத் துணிகளுக்கு அடியில் வைத்தார். கை வேறெதிலோ பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தார். கொசுவத்திப் பாக்கெட்.

“நடுக்கடல்ல ஏதுடி கொசு?”

“கொசு எங்கங்க வரும்?”

“தண்ணி தேங்கினா வரும்.”

“நம்ம ஊட்டாண்ட ஒரு டயர்ல தேங்குன தண்ணிக்கே ராத்திரி தூங்க முடியல. அங்க எவ்ளோ தண்ணி தேங்கிக்கினு கெடக்குது!”

பக்கத்து இருக்கையில் இருந்தவர் சிரிப்பை அடக்க இருமினார். கணவருக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. பாக்கெட்டைப் பைக்குள் திணித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

திண்டிவனம் பாலம் தாண்டும்போது மெல்லக் கேட்டார்:

“மூணு நாளைக்கு ஒரு பாக்கெட்டு போதுமாடி?”