பச்சைக் கதவின் சாவிக்கு உரியவர்

எங்கள் அன்பிற்கும் கொஞ்சம் அச்சத்திற்கும் உரிய அம்மையீர்! நகராட்சிக் கடைவீதிப் பிரிவின் கண்காணிப்பாளரே! பூட்டிக் கிடந்த கதவுகளையும் புழுங்கிக் கிடந்த மனங்களையும் பொறுமை ஒன்றாலேயே திறந்த பெருந்தகையே! ஊரே 'சாவி அக்கா' என்று அழைத்தபோதும் ஒருநாளும் முகம் சுளிக்காதவரே! பணி நிறைவெய்தி இன்று மாலை விடைபெறும் தங்கள்முன் நாங்கள் நெஞ்சம் நெகிழ்ந்து வாசிக்கும் மடல் இது.

புறவழிச்சாலை வந்து, பேருந்துகள் ஊருக்குள் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்ட காலத்தில் தாங்கள் இந்தப் பிரிவுக்கு வந்தீர்கள். கடைவீதியில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. மேலிடம் அலங்கார வளைவுக்கும் நீரூற்றுக்கும் வரைபடம் அனுப்பியது. தாங்களோ அதைச் சுருட்டி அலமாரியின் மேல் வைத்துவிட்டு, மடக்கு முக்காலி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினீர்கள். கூட்டம் போடலாமே என்றோம். "கூட்டம் போட்டா பேசத் தெரிஞ்சவங்கதான் பேசுவாங்க" என்றீர்கள். முடிதிருத்தகத்திலும் மாவு மில்லிலும் மருந்துக்கடை வாசலிலும் முக்காலியைப் போட்டு அமர்ந்து, காத்திருந்தவர்களின் வாயைக் கிளறினீர்கள். வளைவை யாரும் கேட்கவில்லை. கடைகள் திறந்திருந்தால் போதும் என்றார்கள்.

அன்றுமுதல் மூடிய கடைகளின் உரிமையாளர்களைத் தேடிப் போனீர்கள். சிலர் எரிந்து விழுந்தார்கள், சிலர் வீட்டிலேயே இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். எல்லோரிடமும் தாங்கள் சொன்னது ஒன்றே. "ஒரு மாசம் திறந்து பாருங்க. சரிவரலைன்னா மூடிக்கலாம். மூடுறது எப்ப வேணா முடியும்." அப்படி வாங்கிய சாவிகளின் கனத்தில் தங்கள் கைப்பையின் வார் அறுந்ததை மறக்க முடியுமா! தையல்காரர் ஒருவர், மிதிவண்டி பழுதுபார்ப்பவர் ஒருவர், ரொட்டி சுடும் தம்பதியர் எனப் புதிதாகக் கடை நடத்த ஒவ்வொருவராய் வர வர, தங்கள் சாவி வளையத்தில் சாவிகள் குறைந்தன. திறக்காத கடையின் வாசலைப் பக்கத்துக் கடைக்காரரே பெருக்க வேண்டும் என்ற தங்கள் ஏற்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏற்றவர்கள், பின்னர் யார் நன்றாகப் பெருக்குவது என்று போட்டி போட்டார்கள்.

தங்கள் பெருமையைப் பாடும்போது எங்கள் மடமையையும் பாடியாக வேண்டும். வீதி அழகாக வேண்டும் என்ற ஆவேசத்தில், தாங்கள் விடுப்பில் இருந்த வாரத்தில், கடைக்காரர்களும் நாங்களும் கூடி எல்லாக் கதவுகளுக்கும் ஒரே நீல வண்ணத்தைப் பூசிவிட்டோம். கதவில் எழுதியிருந்த கடைப் பெயர்களும் மறைந்துபோனதால், காலையில் கதவு ஏற்றுமுன் வந்தவர்களுக்கு எந்தக் கடை எதுவென்றே தெரியவில்லை. மூக்குக்கண்ணாடி வாங்க வந்த பெரியவர் ஆணிக்கடை வாசலில் வெகுநேரம் காத்திருந்தார். திரும்பி வந்த தாங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்களே தவிர, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை.

வண்ணம் போதாமல் நாங்கள் விட்டிருந்த கதவு ஒன்றே ஒன்று. வெளிறிய பச்சை. அதற்கும் பூசிவிடவா என்று கேட்டோம். "அது அப்படியே இருக்கட்டும்பா" என்றீர்கள். தங்கள் கணவர் வானொலி பழுதுபார்த்த கடை அது என்பதும், அவர் மறைந்த நாள்முதல் தாங்கள் அதைத் திறக்கவே இல்லை என்பதும் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றும் ஊரார் வழி சொல்வது அந்தக் கதவை வைத்துத்தான். பச்சைக் கதவுக்கு அடுத்தது தையல்கடை, எதிரே ரொட்டிக்கடை.

இதை இந்த மடலில் எழுதலாமா என்று எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. எழுதாமல் விட மனம் வரவில்லை, அக்கா. ஊர்க் கதவுகளையெல்லாம் திறந்து முடித்த தங்கள் வளையத்தில் இப்போது தொங்குவது அந்த ஒரு சாவிதான். நாளைக் காலை தாங்கள் அலுவலகம் வர வேண்டியதில்லை. இத்தனை ஆண்டுகள் ஓடிய கால்கள் வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதே எங்கள் கவலை. அந்தக் கடையில் எதையும் விற்க வேண்டாம், அவர் நாற்காலியில் சற்று உட்கார்ந்திருந்தால் போதும். தாங்கள் பிறரிடம் சொன்னதையே தங்களிடம் சொல்கிறோம், கோபிக்கக் கூடாது. ஒரு மாசம் திறந்து பாருங்க. சரிவரலைன்னா மூடிக்கலாம்.

தாங்கள் உடல்நலத்தோடும் உள்ளக் களிப்போடும், கதவைத் தாங்களே ஏற்றும் தோள்வலுவோடும் நெடுங்காலம் எங்களோடு வாழ வேண்டும். வாசலைத் தையல்காரர் பெருக்கிவிட்டார். பூட்டுக்கு எண்ணெய் விட்டிருக்கிறோம். நிறத்தில் மட்டும் கை வைக்கவில்லை.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
கடைவீதிப் பிரிவு ஊழியர்களும் கடைக்காரர்களும்