ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகள்

நான் பேருந்து நடத்துனர், வயது நாற்பத்தாறு. பணிமனைக்குப் பின்தெருவில் மாடி வீட்டில் கணவரோடும் மாமியாரோடும் குடியிருக்கிறேன். எல்லோரும் என்னை ரைட்டக்கா என்றே கூப்பிடுவார்கள். அஞ்சல் வழியில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவள்.

என்னைப் போல் அஞ்சல் வழியில் படித்து முடித்தவர்களிடம் பல்கலைக்கழக நூலகத்துக்காக நன்கொடை திரட்டி, படிக்கும் கூடத்துக்குப் புது நாற்காலிகள் வாங்கினோம். ஒப்படைக்கும் நாள் இன்று, ஞாயிற்றுக்கிழமை, என்று நானே எல்லோருக்கும் சொன்னேன். எங்களுக்கு வகுப்பு நடந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை. அன்று நூலகம் பூட்டியிருக்கும் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. நன்கொடை கொடுத்த ஒருவருக்கும் உறைக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடியவர்கள், நூலகப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. நேற்றே வந்திறங்கிய நாற்காலிகள் வெளித் தாழ்வாரத்தில் உறையோடு அடுக்கியிருந்தன. இன்றைய வகுப்புக்கு வந்த மாணவர்கள், அடுத்த மாதம் தேர்வு என்பதால், இடைவேளையில் படிக்கட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அதில் நிறைமாதமாய் ஒரு நர்ஸ். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அதன்பின் எங்கள் குழுவிலுள்ள தையல்காரர், "நாம வாங்குன நாற்காலி, நம்ம பிள்ளைங்க உக்காரட்டுமேக்கா" என்றார். நான் ரைட் கொடுத்தேன். மரத்தடியில் வரிசையாகப் போட்டோம். காவலாளி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, நாற்காலிகளைக் கூட்டமாக வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று நூலகருக்குப் போன் போட்டார். நூலகர் இந்தக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு காவலர்களோடு வந்து சேர்ந்தார்.

அதன்பின் நூலகர் அந்த நர்ஸிடம், "எந்திரிம்மா, நாற்காலிய உள்ள வைக்கணும்" என்றார். அவள் தலை நிமிராமலே, "இந்தப் பாடம் முடியட்டும் சார். நானே தூக்கி வச்சிடுறேன்" என்றாள். நூலகர் அவள் வயிற்றையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார், விசிறியைப் போட்டார், அவளுடைய நாற்காலியை அவரே உள்ளே தூக்கிப் போனார். எனக்கு வந்த சந்தோஷத்தில் விசில் ஊதிவிட்டேன். நூலகத்தில் அது குற்றம் என்றால் அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனாலும் புகார் பதிவாகிவிட்டதால் என்னை இங்கே அழைத்து வந்தார்கள். நூலகர் நேரில் வந்து புகாரைத் திரும்பப் பெற்றால்தான் நான் வீட்டுக்குப் போகலாமாம். நிலைய எழுத்தர் அவருக்குப் போன் செய்ததில், கூட்டம் நிறைய இருக்கிறது, புத்தகம் எடுத்துக் கொடுக்க வேறு ஆள் இல்லை, சாயங்காலம்தான் வர முடியும் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறும் திறப்பாரா என்று கேட்கச் சொன்னேன். "நாற்காலி வந்தாச்சே, இனி எப்படி மூடுறது" என்றாராம். எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க எனக்குச் சம்மதம்.

எழுத்தர் வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் நிஜம்.

(ஒப்பம்) ரைட்டக்கா, பி.ஏ.