என் பெயரில் இருந்த வைஃபை

என் பெயர் பிரீனா, வயது 27, தந்தை பெயர் ஏசுவடியான் (காலமானவர்). இரணியல் ரயில் நிலையத்துக்கு மேற்கே தெற்குவிளையில் அம்மாவுடன் குடியிருக்கிறேன். நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். குவைத்தில் வேலை கிடைத்து, அதற்கான காவல்துறை நற்சான்றுக்கு விண்ணப்பித்துள்ளேன்.

எங்கள் வீட்டு வைஃபை இணைப்பு என் பெயரில் உள்ளது. கொரோனா காலத்தில் பிள்ளைகள் போனில் படிக்க வேண்டியிருந்ததால் பக்கத்து ஏழு வீடுகளுக்குப் பாஸ்வேர்டைக் கொடுத்தேன், பிறகு அதை மாற்றவில்லை. அடுத்த வீட்டு சத்தியபாய் மாமிக்கு மஸ்கட்டில் இருக்கும் மகன் ஜெபிஷிடம் பேசத் தெரியாததால், அவர் போனில் நானே பாஸ்வேர்டைப் போட்டு, வீடியோ கால் செய்யவும், பேஸ்புக்கில் படம் போடவும் கற்றுக்கொடுத்தேன்.

சென்ற மாதம் 11ஆம் தேதி என்னைக் காவல் நிலையத்துக்கு வரச்சொன்னார்கள். நர்சரி பள்ளி ஆசிரியை ஜின்சியின் படத்தைப் போட்டு, அவரைப் பள்ளி வேன் ஓட்டுநருடன் சேர்த்துக் கேவலமாக எழுதிய போலி பேஸ்புக் கணக்கு என் இணைப்பிலிருந்து இயங்கியதாக இன்ஸ்பெக்டர் அம்மா சொல்லி, அச்சிட்ட தாள்களைக் காட்டினார்கள். "நீங்க எழுதலன்னா யாரு எழுதினதுன்னு சொல்லுங்க. இணைப்பு உங்க பேர்ல இருக்கு" என்றார்கள். அதில் ஜின்சி நிச்சய மோதிரத்தைத் தபாலில் திருப்பி அனுப்பியதாக ஒரு வரி இருந்தது. ஜின்சிக்கு முன்பு ஜெபிஷுடன் நிச்சயம் நடந்து, அவர் குடிப்பது தெரிந்து ஜின்சியே அதை முறித்துவிட்டார். மோதிரம் தபாலில் வந்ததை மாமி என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் யார் என்று தெரியாது என்றேன். அது பொய். அம்மாவின் ஆபரேஷனுக்குப் பிறகு இருபத்திரண்டு நாள் கஞ்சி கொண்டுவந்து, அம்மாவின் துணிகளையும் துவைத்துப் போட்டவர் மாமி.

அதன்பிறகு நேற்று காலை வேலைக்குப் போக ஏறிய பேருந்தில் ஜின்சியைப் பார்த்தேன். முகத்தில் மாஸ்க் போட்டிருந்தார். பக்கத்தில் இடம் காலியாக இருந்ததால் உட்கார்ந்தேன். அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நாகர்கோவில் வரை நின்றபடியே வந்தார். பள்ளியில் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அன்றுதான் என்னுடன் வேலைபார்ப்பவர் மூலம் அறிந்தேன்.

அதன்பிறகு மாலை நான்கு மணிக்கு மாமி வீட்டுக்குப் போனேன். மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அவளாலதான் எனக்க பிள்ள மூணு மாசமா போன் எடுக்கல்ல. கோவத்துல எழுதிப்போட்டேன் மக்களே."

"பேரு எனக்கதுல்லா மாமி வந்திருக்கு."

"ஒனக்க பேரு வரும்னு நான் கண்டேனா? இப்பவே அழிச்சுப்போடுதேன். ஒருத்தரும் அறியாண்டாம்."

"அழிச்சா ஜின்சிக்கு வேலை திரும்பக் கிடைக்குமா மாமி?"

கணக்கை அழிக்க வேண்டாம், போலீஸ் பார்க்கவேண்டும் என்றேன். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் சொல்லப்போவதாகவும் அவரிடமே சொன்னேன். வீட்டில் அம்மா இதைக் கேட்டு, "ஏட்டி, அவ நமக்கு என்னெல்லாம் செஞ்சா" என்று அழுதார். அன்று இரவு நானும் அம்மாவும் சாப்பிடவில்லை.

இன்று காலை நான் கேட்டைத் திறந்தபோது மாமி கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில், போனைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நின்றார். இருவரும் ஒரே பேருந்தில் வந்தோம். இப்போது அவர் நிலைய வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அவரை விசாரிக்கும் முன் ஏதாவது சாப்பிட வைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னபடியே எழுதி, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இதில் உள்ளதெல்லாம் உண்மை.

(ஒப்பம்) பிரீனா