ஈரச் சாம்பலும் மலைக்காரியின் கங்கும்

தலைமையேற்று அமர்ந்திருக்கும் பொது அடுப்பின் காவலம்மை தெயானோ அவர்களே! விதைத் திருநாளுக்கு விரதமிருந்து வந்திருக்கும் மூத்த தாய்மார்களே! மடியில் பிள்ளையை உறங்கவைத்துக்கொண்டு என்னைப் பார்க்கும் இளந்தாய்மார்களே! என் மகன் தெர்சோனைக் கடல் கொண்டுபோன அன்று என்னோடு சேர்ந்து மார்பிலடித்து அழுத அனெமூசா நகரத்துப் பெண்மக்களே! உங்கள் எல்லோருக்கும் இந்த மெனிப்பாவின் வணக்கம்.

நான் எழுத்தறியாதவள். எனக்குச் சூரைமீனுக்கு உப்பிடத் தெரியும். இப்போது அழவும் தெரியும்.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பை அணைக்கிறோம். முப்பதாம் நாள் அந்த வீட்டு மருமகள் பொது அடுப்பிலிருந்து புது நெருப்பு வாங்கி வருவாள். என் மருமகள் வீலா போனாள். வெறுஞ்சட்டியோடு திரும்பினாள். ஏன்? அவள் மலையில் வாழும் சிக்கெலர் பழங்குடி வீட்டுப் பெண்ணாம்! இது நம் முன்னோர் தாய்நகரிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவந்த நெருப்பாம்! அந்நியக் கை தொடலாகாதாம்!

என்ன சொல்கிறாய், பின்வரிசை அக்கா? "நீயே போய் வாங்கிக்கிட்டா என்னடி?" என்றா? வாங்கலாம். நான் கண்மூடிய பிறகு யார் வாங்குவது?

இன்று ஆண்கள் யாரும் இங்கே இல்லை. அதனால் சத்தமாகவே சொல்கிறேன். நம் மாமியார்கள் நம் காதில் மட்டும் சொன்ன கதையைச் சொல்கிறேன்.

கப்பல் இந்தக் கரையைத் தொட்டபோது, நெருப்புச் சட்டிக்குள் என்ன இருந்தது? கடல்தண்ணீர் இருந்தது! கடைசி நிலமுனையைச் சுற்றும்போது அலை புகுந்துவிட்டது. தலைவன் மணலில் உட்கார்ந்து தேம்பினான். "நெருப்பு போச்சு, ஊரும் போச்சு. திரும்பிடுவோம்."

அவன் மனைவி பிலைனா சொன்னாள்: "முதல்ல மூக்கைத் துடைங்க. அதோ மலையில புகை தெரியுது."

ஏறிப் போனாள். அங்கே ஒரு மலைக்காரி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். இவள் பேச்சு அவளுக்குப் புரியாது, அவள் பேச்சு இவளுக்குப் புரியாது. பிலைனா சட்டியைக் கவிழ்த்தாள். ஈரச் சாம்பல் சொத்தென்று விழுந்தது. மலைக்காரி சிரித்தாள். பிறகு இவள் கண்ணைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்தினாள். எந்த ஊர் என்று கேட்டாளா? எந்தக் குலம் என்று கேட்டாளா? தன் அடுப்பைக் கிளறி, நல்ல கங்காகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். கையில் ஒரு ரொட்டியும் கொடுத்தாள்.

கரையில் தலைவன் கேட்டான், "எங்கேயிருந்துடி வந்துச்சு?"

"அடிச் சாம்பல்ல ஒரு கங்கு உயிரோட இருந்துச்சுங்க."

நம்பினான் மனுஷன்! இன்றுவரை நம்புகிறார்கள்! சிரியுங்கள், சிரியுங்கள். நானும் முப்பது நாளுக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறேன்.

தாய்மார்களே! நம் ஊரின் முதல் நெருப்பு அந்த மலைக்காரி தந்தது. நம் ரொட்டியைச் சுட்டது அது, நம் பிள்ளைகளைக் குளிரில் காத்தது அது, கரையொதுங்கிய என் தெர்சோனின் ஈர உடலைச் சிதையில் ஏந்திக்கொண்டதும் அதுதான். அவள் குலத்துப் பேத்தி சட்டியை நீட்டினால், இல்லையென்று சொல்ல நாம் யார்?

தெயானோ அம்மா, உங்கள் மாமியாரும் இதைத்தானே சொன்னார்? தலையாட்டுகிறீர்கள். கண்ணையும் துடைக்கிறீர்கள்.

வீலா, எழுந்து வாம்மா. அழாதே, கங்கு வாங்கச் சட்டியில் பரப்பிய சாம்பல் நனைந்துவிடும். சட்டியை நீட்டு.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. விரதம் முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். சூடாக ரொட்டி இருக்கும். வணக்கம்.